பிரசிடெண்டம்மாவின் ரோல் கால்

எங்கள் பிரசிடெண்டம்மாவுக்கு நாங்கள் இரண்டு முறை மௌன அஞ்சலி செலுத்தியிருக்கிறோம். இரண்டாவது போன வருஷம். சர்ச் மணி அடித்து, முறைப்படி அடக்கம் செய்து, அழுது முடித்த பிறகு. முதலாவது அதற்குப் பல வருஷங்களுக்கு முன்னால். அந்த முதல் அஞ்சலியின்போது அவர் தன் வீட்டு மாடி ஜன்னலோரம், கழுத்தில் கம்பளி மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, கையில் ரேடியோவோடு உட்கார்ந்து, நாங்கள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கைரேடியோ இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பட்டன் இடுக்கெல்லாம் மைதா மாவு. கொடைக்கானலில் பேக்கரி நடத்துகிறவரின் ரேடியோ வேறு எப்படி இருக்கும்? துடைத்துத் தரட்டுமா என்று கேட்டால், அது கெடாமல் இருப்பதே மாவு பூசியதால்தான் என்பார்.

நான் அந்தப் பேக்கரிக்கு எதிர்த்த டாக்சி ஸ்டாண்டில் வண்டி போட்டிருக்கிறவன். வாய் கொஞ்சம் நீளம், அதனால் கதையும் கொஞ்சம் நீளும். ஹாம் ரேடியோ என்றால் பலருக்கும் தெரியாது. அரசாங்கம் வைக்கும் பரீட்சையில் பாஸ் செய்து லைசென்ஸ் வாங்கினால், சொந்தமாக ரேடியோ வைத்து ஊர் ஊராகப் பேசலாம். காசு வராது, வரவும் கூடாது. வியாபாரப் பேச்சு பேசினால் லைசென்ஸ் போய்விடும். ஆளுக்கொரு கால் சைன் உண்டு; சில எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்தது; அதுதான் காற்றில் நம் பெயர். அதைச் சொல்லாமல் ரேடியோவில் வாயைத் திறக்கக் கூடாது. மலைப்பாதையில் பாதி இடத்தில் செல்போன் செத்துவிடும் என்பதால் நான் இதில் சேர்ந்தேன். சேர்த்துவிட்டவர் பிரசிடெண்டம்மா. ‘ஏலே, வண்டிய உருட்டத் தெரிஞ்சவனுக்கு இந்தப் பரீட்சை எம்மாத்திரம்’ என்று பன்னும் டீயும் கொடுத்துப் படிக்க வைத்தார். பன்னுக்குக் காசு வாங்கிக்கொண்டார், அது வேறு விஷயம்.

எங்கள் ஹாம் கிளப்பின் உயிர் என்று ஒன்று உண்டென்றால் அது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி ரோல் கால். ஊருக்கு மேலே ஒரு மேட்டில் எங்கள் ரிப்பீட்டர் இருக்கிறது. நாம் சன்னமாகப் பேசுவதைப் பிடித்து, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி பலமாகத் திருப்பி அனுப்புகிற பெட்டி. அதன் வழியாகப் பிரசிடெண்டம்மா ஒவ்வொரு கால் சைனாகக் கூப்பிடுவார். பூம்பாறையில் பூண்டு போட்டிருக்கிறவர், பள்ளிக்கூட டீச்சர், அடிவாரத்தில் பாலசமுத்திரத்துக்காரர் என்று ஒவ்வொருவரும் ‘இருக்கேன்’ என்று சொல்லி, தங்கள் பக்கம் மழையா வெயிலா, ரோட்டில் மரம் கிரம் விழுந்து கிடக்கிறதா என்று சொல்ல வேண்டும். அந்தக் குரலை என்னவென்று சொல்ல! கரகரப்பும் கணீரும் சேர்ந்த குரல். அதட்டுவார், சிரிப்பார், பாட்டுப் பாடுவார், பூண்டுக்காரர் நைசாக ‘இன்னைக்குக் கொடைக்கானல்ல பூண்டு என்ன வெல’ என்று ஆரம்பித்தால் ‘அது கமிஷன் கடை வாசல்ல கேளுங்கய்யா, இங்கன இல்ல’ என்று வெட்டுவார். எல்லாவற்றையும்விட அவருக்கு ஆகாதது ஒன்று இருந்தது. பேசாமல் பட்டனை மட்டும் அமுக்கி விடுவது. அமுக்கினால் ரிப்பீட்டர் விழித்துக்கொண்டு ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் போட்டு, கொஞ்சம் இரைந்து, அடங்கும். யாரென்று தெரியாது. ‘கதவத் தட்டிட்டு ஓடுற சோலிய எவன் பாக்குறது’ என்று கேட்டு அவர் கொடுக்கும் டோஸில் புது மெம்பர்கள் ரேடியோவையே விற்றுவிடலாமா என்று யோசிப்பார்கள்.

அந்தக் குரல்தான் கட்டியது. முதலில் சளி என்றார், பிறகு ஓவன் சூடு என்றார். மாதக்கணக்கில் சரியாகாமல் போகவே மதுரைக்கு டாக்டரிடம் காட்டப் போவதாகச் சொல்லி, ரோல் காலைத் துணைத் தலைவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். துணைத் தலைவர் பாலசமுத்திரத்துக்காரர், இன்சூரன்ஸ் ஏஜெண்டு, நல்ல மனிதர். ஆனால் சட்டம் என்றால் சட்டம். மலைக்கோயிலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் முருகனைக்கூட நிதானமாகக் கும்பிட முடியாமல் ஏழு மணிக்கு ஓடி வர வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு ஒரு குறை. எட்டு மணிக்கு மாற்றலாமே என்று வருஷா வருஷம் கேட்பார். எட்டரைக்கு எனக்குச் சர்ச் என்று பிரசிடெண்டம்மா வருஷா வருஷம் மறுப்பார்.

மதுரையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை, வீட்டுக்காரரையும் சொல்ல விடவில்லை. போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் வீடு வந்து சேர்ந்துவிட்டார். அந்த வாரம் பார்த்து அவருடைய நாத்தனார் வத்தலக்குண்டில் காலமாகிவிட்டார். வீட்டுக்காரர் அங்கே போய்விட, பேக்கரி ஷட்டர் இறங்கிவிட்டது. ஷட்டர் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை யாரோ ஒட்டிவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை பூண்டுக்காரர் பூம்பாறை பஸ்ஸில் அந்த வழியாகப் போயிருக்கிறார். தூறல், பனி, பஸ் கண்ணாடியில் ஈரம். பூட்டிய பேக்கரி, கறுப்புக் கட்டம், அதற்குள் ஒரு பெண் படம். மனிதர் இறங்கிப் பார்க்கவில்லை. பஸ்ஸிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்குப் போய்த் துணைத் தலைவருக்குச் சொல்ல, அவர் பிரசிடெண்டம்மாவுக்குப் போன் போட, அது அணைந்து கிடக்க, வீட்டுக்காரர் சாவு வீட்டில் எடுக்காமல் இருக்க, விஷயம் உறுதியாகிவிட்டது.

நான் அப்போது மூணாறுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, வழக்கம்போல ரேடியோவைப் போட்டால், துணைத் தலைவர் தழுதழுத்துக்கொண்டிருக்கிறார். பிரசிடெண்டம்மா போய்விட்டாராம். எதிரே பார்த்தேன். பனிக்குள் ஷட்டரும் போஸ்டரும் மங்கலாகத் தெரிந்தன. வண்டிக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கி அழுதேன். வெட்கமொன்றும் இல்லை, என்னைப் பெற்ற அம்மா போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். டீச்சர் பேச முடியாமல் பாதியில் விட்டுவிட்டார். பூண்டுக்காரர், இனிமேல் வாழ்நாளில் ரேடியோவில் விலை கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். துணைத் தலைவர், தன் வாழ்க்கையில் தன்னை எதிர்த்துப் பேசி ஜெயித்த ஒரே ஆள் அவர்தான் என்றும், எதிர்ப்பதற்கு அப்படி இன்னொரு ஆள் இனிக் கிடைக்காது என்றும் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வாரம் முதல் ரோல் கால் காலை எட்டு மணிக்கு நடக்கும் என்பதையும் சேர்த்து அறிவித்துவிட்டு, இப்போது ஒரு நிமிஷம் மௌனம் என்றார்.

மலை முழுக்க அமைதி. அந்த அமைதிக்குள் ரிப்பீட்டர் ‘க்ளிக்’ என்றது.

அடங்கியது. மறுபடியும் ‘க்ளிக்’. பிறகு கோபமாக, அடுக்கடுக்காக, க்ளிக் க்ளிக் க்ளிக். துணைத் தலைவர் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. ‘யாருங்க அது? எழவு வீட்டுல வந்து பட்டன அமுக்கி வெளையாடுறது? அம்மா இருந்தா உங்கள உரிச்சிருப்பாங்க’ என்று கத்தினார். பதிலுக்கு ஒரு க்ளிக். எனக்கு வந்த ஆத்திரத்தில், எவன் என்று கண்டுபிடித்து வீடு தேடிப் போய் உதைப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் ரேடியோவில் ஒரு வசதி உண்டு. ரிப்பீட்டரை விட்டுவிட்டு, அமுக்குகிறவனின் ரேடியோவையே நேராகக் கேட்கலாம். தூரத்து ஆளாக இருந்தால் ஒன்றும் கேட்காது. கிட்டத்தில் இருந்தால் மட்டும்தான் கேட்கும். மாற்றி வைத்தேன். அடுத்த க்ளிக்குக்கு சிக்னல் மீட்டர் முழுசாக ஏறி நின்றது. அவ்வளவு கிட்டத்தில் என்றால் இந்தத் தெருதான். இந்தத் தெருவில் ஹாம் ரேடியோ இரண்டே இரண்டு. ஒன்று என் வண்டியில்.

வண்டிக் கதவைக்கூடச் சாத்தாமல் ரோட்டைத் தாண்டி ஓடினேன். போஸ்டரில் இருந்தது யாரோ ஒரு வயதான அம்மா. பக்கத்துப் படிக்கட்டில் தடதடவென்று ஏறி, கதவைத் தள்ளினால், ஜன்னலோரம் பிரசிடெண்டம்மா. மஃப்ளருக்குக் கீழே கட்டு. முகம் இளைத்திருந்தது. கண்ணில் நீர் வழிய வழிய, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார், சத்தமே இல்லாமல். நான் காலில் விழுந்தேனா கட்டிப் பிடித்தேனா என்று நினைவில்லை. அவர் ரொட்டி சுற்றும் காகிதம் ஒன்றை எடுத்து எழுதி நீட்டினார். ‘செத்ததுகூடப் பரவாயில்லை. எட்டு மணியா?’ என்று இருந்தது. அதற்குக் கீழே, ‘முதல்லயே அமுக்கியிருப்பேன். எல்லாரும் நல்லா பேசினாங்க, கேட்டுட்டு அமுக்கலாம்னு இருந்தேன்’ என்று எழுதினார். நான் ரேடியோவை வாங்கி, என் கால் சைனைச் சொல்லி, அம்மா உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியதில் ரிப்பீட்டர் கூச்சல் போட்டது. எங்களை ஒருவர் மேல் ஒருவர் பேசாதீர்கள் என்று அதட்ட அன்றைக்கு ஆள் இல்லை.

சந்தோஷம் அடங்கியதும்தான் பிரச்சினை தெரிந்தது. அவர் இருக்கிறார், ஆனால் ரோல் கால் எடுக்க முடியாது. வாயால் வாழ்ந்த மனுஷி. ரொட்டியைவிட அவருக்கு அந்த ஏழு மணிதான் முக்கியம். வெறும் க்ளிக் வைத்து ‘ஆமாம்’, ‘இல்லை’ சொல்லட்டுமே என்றேன் நான். கால் சைன் சொல்லாமல் பட்டனை அமுக்கக் கூடாது என்று எங்களை இருபது தடவை அதட்டியவர் அவரேதான், இப்போதும் அவரே தலையை ஆட்டி மறுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எழுதுவதை வாசிக்கிறேன் என்றேன். ஒரே ஒரு ஞாயிறு அப்படிச் செய்து பார்த்தோம். அவர் ஒரு வரி எழுதினால் நான் நாலு வரி சேர்த்துச் சொல்லிவிடுவேன், என் சுபாவம் அப்படி. பாதியிலேயே என் தொடையில் ஒரு அடி போட்டு, ‘என் வாய்க்கு டிரைவர் வேண்டாம்’ என்று எழுதி எழுப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த கிளப் கூட்டம் பேக்கரியிலேயே நடந்தது. துணைத் தலைவர் எழுந்தார். மறைமுகமாகப் பேசுகிற ஆள் இல்லை அவர். ‘மரியாதை கொறையலைங்கம்மா. உங்களுக்கு அஞ்சலி செலுத்துனப்ப நான் எப்படி அழுதேன்னு நீங்களே கேட்டிருக்கீங்க. ஆனா ரோல் கால் எடுக்குறவங்க குரல் கேக்கணும்ல. கேக்காத தலைவரை வச்சு நாளைக்கு ஒரு ஆத்திரம் அவசரம்னா என்ன பண்றது? நீங்க கௌரவமா உக்காருங்க, சோலிய நான் பாக்குறேன்’ என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதனால்தான் எல்லாரும் தரையைப் பார்த்தோம். பிரசிடெண்டம்மா எழுந்து போய், அன்றைய பலகாரங்கள் எழுதியிருந்த கறுப்புப் பலகையைத் துடைத்துவிட்டு எழுதினார். ‘பொங்கல் வரைக்கும் டைம் குடுங்க. பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு நான் ரோல் கால் எடுப்பேன். ஒருத்தர் விட்டுப்போனாலும் நாற்காலி உங்களுது.’ துணைத் தலைவர் கை கூப்பி ஒத்துக்கொண்டார். பலகாரப் பட்டியல் அழிந்துபோனதால் அன்றைக்கு மிச்சமிருந்த கேக்கை எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள்.

மோர்ஸ் என்று ஒன்று உண்டு. குட்டைச் சத்தம், நெட்டைச் சத்தம், இரண்டே வைத்து எழுத்துகளைச் சொல்வது. அந்தக் காலத்துப் பரீட்சைக்காக அவர் அதைப் படித்திருந்தார், பரீட்சை முடிந்த அன்றே ஏரியில் போட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்வார். வாய் இருக்கும்போது எதற்குத் தட்டிக்கொண்டு கிடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இப்போது அதை ஏரியிலிருந்து எடுக்க உட்கார்ந்தார். பழைய ஓவன் டைமரில் ‘பீப்’ என்று கத்தும் பஸ்ஸரைக் கழற்றி, ஒரு பட்டன் வைத்துக்கொண்டார். மாவு பிசைந்த விரல்கள், பிடிவாதம் பிடித்தால் விடாது. ஆனால் அவர் கற்றுக்கொண்டு என்ன செய்வது? எங்களில் யாருக்கும் மோர்ஸ் தெரியாதே. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நாங்கள் மோர்ஸ் படிக்க வேண்டாம். ஆளுக்கு அவரவர் கால் சைன் மட்டும் காதுக்குப் பழகினால் போதும். தன் பெயரைக் கூப்பிட்டால் யாருக்கும் தெரியாதா என்ன?

அதற்காக அந்த மார்கழி முழுக்க என் வண்டியில் மலை மலையாகச் சுற்றினோம். வெள்ளனே கிளம்புவோம். பஸ்ஸர், பன் மூட்டை, நான், அவர். பூம்பாறையில் அடுக்கடுக்கான பூண்டு வயலின் வரப்பில் உட்கார்ந்து அவர் அழுத்த, பூண்டுக்காரர் களையெடுத்துக்கொண்டே கேட்டார். பரிதாபம், எதை வாசித்தாலும் ‘என்னுதுதாங்க’ என்றார். டீச்சருடையதை வாசித்தாலும் அவருடையது, என்னுடையதை வாசித்தாலும் அவருடையது. எங்கள் எல்லாருக்கும் தொடக்க எழுத்துகள் ஒன்று, வால்தான் வேறு. பிரசிடெண்டம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு, ‘வாலைக் கேளு’ என்று மண்ணில் குச்சியால் எழுதினார். சரியாகச் சொன்னால்தான் பன். கடைசியில் பூண்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்து, தங்கள் ஊர்த் தேர் நிலைக்கு வரும்போது கொட்டுக்காரர் இப்படித்தான் முடிப்பார் என்று வாயாலேயே கொட்டிக் காட்டினார். அதற்கப்புறம் அவர் தவறவே இல்லை, நாலு பன் தின்றார். டீச்சர் தன்னுடையதைத் தாலாட்டு மாதிரி பாடிப் பழகினார். எனக்கு என் வண்டியின் இண்டிகேட்டர் சத்தம். இப்படி ஒவ்வொருவராக முடித்துவிட்டு, கடைசியாகப் பாலசமுத்திரத்துக்கு இறங்கினோம். துணைத் தலைவர் வாசலுக்கு வந்தார், மோர் கொடுத்தார், பஸ்ஸரைப் பார்த்ததும் மட்டும், வெரசாப் போகணும், பாலிசி வேலை கெடக்கு என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பன் மிச்சமாகிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் பிரசிடெண்டம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் துணைத் தலைவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அவர் ஜெயிக்க ஒன்றுமே செய்ய வேண்டாம், அந்த ஞாயிறு சும்மா இருந்தால் போதும்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு நான் ஸ்டாண்டில் வண்டிக்குள் இருந்தேன். ஏரி மேல் பனி பஞ்சு மாதிரி கிடந்தது. மாடி ஜன்னலில் விளக்கு. ரிப்பீட்டர் விழித்தது. பஸ்ஸர் சத்தத்தில் அவருடைய கால் சைன், நிதானமாக, ஒரு தடுமாற்றம் இல்லாமல். எங்களுக்கெல்லாம் அது மட்டும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது. பிறகு முதல் அழைப்பு. ‘இருக்கேங்க, எங்க பக்கம் உறைபனி, உருளைக்கிழங்குச் செடி கருகிப்போச்சு’ என்று பதில். அடுத்தது டீச்சர். அடுத்தது பூண்டுக்காரர், பதில் சொல்லும் முன் சந்தோஷத்தில் வாயாலேயே அந்தக் கொட்டை ஒருமுறை அடித்தார். என்னுடையது வந்தபோது, நீள வாய்க்காரனான எனக்கு ‘இருக்கேம்மா’ என்பதற்கு மேல் சொல்ல வரவில்லை. ஒருவர்கூட விட்டுப்போகவில்லை. எல்லாரும் முடிந்து, மிச்சம் ஒரே ஒருவர்.

துணைத் தலைவரின் கால் சைனை அவர் அழுத்தினார். பதில் இல்லை. ரிப்பீட்டர் இரைந்து அடங்கியது. மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் அழுத்தினார், அதே நிதானம், கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பதில் இல்லை. எனக்குப் பாலசமுத்திரத்துக்கே இறங்கிப் போய்விடலாமா என்று இருந்தது. அப்போது ரிப்பீட்டர் விழித்தது. துணைத் தலைவர், தன் கால் சைனை முறைப்படிச் சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டார். ‘மொத தடவையே கேட்ருச்சுங்கம்மா, நானே தனியா உக்காந்து பழகிக்கிட்டேன். இன்னொரு வாட்டி கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு, அதான் சும்மா இருந்தேன். அஞ்சு ஒன்பதுங்க. ரோல் கால் ஏழு மணிக்கே இருக்கட்டும்.’

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிரில் இருப்பவர் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு பலமாகக் கேட்கிறார் என்று மதிப்பெண் சொல்வது எங்கள் பழக்கம். தெளிவுக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பது, அதற்கு மேல் கிடையாது. ஆனால் மோர்ஸில் பேசுகிறவருக்கு, சத்தத்தின் சுத்தத்துக்காக மூன்றாவதாக இன்னோர் எண்ணும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டு எண்ணோடு நிறுத்துவது குரலால் பேசுகிறவருக்கு மட்டும். சட்டத்தில் ஒரு புள்ளி பிசகாத மனிதர், தெரிந்தே, இரண்டோடு நிறுத்தினார்.

நான் வண்டியைக் கிளப்பினேன். ஏரிச்சாலை முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தபடி ஒரு சுற்று வந்தேன். படகுத்துறைப் பக்கம் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, காலங்காத்தால என்னய்யா விசேஷம் என்று கேட்டார்.

‘எங்க பிரசிடெண்டம்மா பேசிட்டாங்க சார்’ என்றேன்.